நாலாம் நாள் ஊசி

"முக்கா மணி நேரம் ஆகுங்கப்பா, உக்காருங்க" என்று சொல்லிவிட்டு சிஸ்டர் பொண்ணு கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சென்னியப்பன் உட்காரவில்லை. உட்கார்ந்தால் நேரம் இன்னும் மெதுவாகப் போகும் என்று அவருக்கு ஒரு எண்ணம், நின்றவனுக்காக எந்தக் கடிகாரமும் ஓடினதில்லை என்று தெரிந்தும் நின்றார், முட்டி கடுக்க ஆரம்பித்ததும் கௌரவம் பார்க்காமல் உட்கார்ந்துவிட்டார். மடியில் மகளின் கைப்பை. அதற்குள் அவளுடைய கண்ணாடி, கம்மல், கைக்கடிகாரம், செல்போன். ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்தபோது "பத்திரம்பா" என்றுகூடச் சொல்லவில்லை அவள், அப்பனிடம் கொடுத்தால் பத்திரம்தான் என்று நினைப்பு, அந்த நினைப்புதான் இப்போது அவர் நெஞ்சில் உட்கார்ந்து அழுத்துகிறது. சுற்றிலும் ஜோடி ஜோடியாக ஆட்கள். புருஷன்மார் எல்லாரும் செல்போனைப் பார்க்கிறார்கள், பொண்டாட்டிமார் எல்லாரும் சுவரில் மாட்டியிருக்கும் குண்டுக் குழந்தைப் படத்தைப் பார்க்கிறார்கள். இந்த இடத்தில் அறுபத்தெட்டு வயசுக் கிழவன் ஒருத்தன் பொம்பளைக் கைப்பையோடு உட்கார்ந்திருந்தால் யாரும் திரும்பிப் பார்க்கத்தான் செய்வார்கள். காலையில் "கோகிலவாணி ஹஸ்பெண்ட் யாருங்க?" என்று சிஸ்டர் சத்தமாகக் கேட்டபோது இவர் எழுந்து "அப்பனுங்க" என்றார், ஹால் மொத்தமும் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்தது. வாணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நாலு முழப் பச்சை கவுனை மாட்டிக்கொண்டு, தலைக்குத் துணித் தொப்பியோடு, சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்தால் ஆபரேஷனுக்குப் போகிறவள் மாதிரியா இருந்தது? பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் வேஷம் கட்டிக்கொண்டு மேடை ஏறுகிறவள் மாதிரி இருந்தது. முப்பத்தாறு வயசு. முப்பத்தாறு என்று சொன்னால் அவருக்கே நம்பிக்கை வருவதில்லை, இப்போதுதான் சைக்கிள் பார் மேல் துண்டைச் சுற்றி உட்கார வைத்துக் கூட்டிப்போனது போல இருக்கிறது.

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் பெருந்துறைக்குப் போன் பண்ணி, "அப்பா, பத்துப் பன்னெண்டு நாளைக்கு ஊசி போடோணும், கோயமுத்தூர் வந்து இருக்கறீங்களா?" என்றபோது, "எந்த மாட்டுக்கு கண்ணு?" என்றுதான் இவர் கேட்டார். "உங்க மாட்டுக்குத்தான்" என்றாள். அவர் மேல் தப்பில்லை. கால்நடை ஆய்வாளராக முப்பத்தொரு வருஷம் குப்பி குப்பியாக ஊசி போட்டவர், சினை ஊசிக்காரர் என்றால்தான் சுற்றுவட்டாரத்தில் ஆள் தெரியும், சென்னியப்பன் என்றால் எந்தச் சென்னியப்பன் என்பார்கள். வாணிக்கோ ஊசியைக் கண்டால் சின்னதிலிருந்து ஆகாது. ஊசிக்காரன் மகளுக்கு ஊசி பயம் என்று ஊரே கேலி பண்ணியிருக்கிறது. தானே போட்டுக்கொள்ளலாம், பேனா மாதிரி சின்னதாகத்தான் இருக்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார், இவள் அந்தப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் அழுதிருக்கிறாள், அப்புறம்தான் அப்பன் ஞாபகம் வந்தது. வந்து சேர்ந்த அன்றைக்கு எல்லாம் விளக்கமாகச் சொன்னாள். கல்யாணம் ஆகுமோ ஆகாதோ, எப்போது ஆகுமோ, அது தெரியாது. ஆனால் பிள்ளை வேண்டாம் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. கருமுட்டையை இப்போதே எடுத்து உறைய வைத்துவிட்டால் பத்து வருஷம் வரைக்கும் வைத்திருப்பார்கள். கையிருப்பு ஏற்கனவே குறைச்சல் என்று ரத்தப் பரிசோதனையில் வந்துவிட்டது, தள்ளிப்போட நேரமில்லை. "பிள்ளைக்காக எவனையாச்சும் அவசர அவசரமாக் கட்டிக்கிட்டா அது அவனுக்குச் செய்யற துரோகம்பா. எனக்கு அவசரம் வேண்டாம், அதுக்குத்தான் இது" என்றாள். இவர் தலையாட்டினார். புரியாமல் ஆட்டவில்லை, இந்த விஷயத்தில் கோயமுத்தூரிலேயே அவரைவிடப் புரிந்த அப்பன் எவனும் இருக்க முடியாது. திரவ நைட்ரஜன் என்றால் என்ன, காளை விதையை உறைய வைக்கிற அந்தக் குடுவையைத் திறந்தால் எப்படிப் புகை அடிக்கும், நேரத்துக்கு மேலே ஊற்றாவிட்டால் என்ன ஆகும், எல்லாம் அத்துப்படி. முதல் நாள் இங்கே வந்தபோதே லேபுக்காரப் பையனைப் பிடித்து, "நைட்ரஜன் வாரத்துக்கு ஒருக்கா ஊத்தறீங்களா, ரெண்டு தடவையா? அளவு குச்சி விட்டுப் பாக்கறீங்களா, கண் அளவுதானா?" என்று கேட்டு அவனைத் திணறடித்துவிட்டார். வாணி சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். சும்மா கேட்டு வைப்பதில் என்ன, எம் புள்ளையோட பொருளு அதுக்குள்ள இருக்கப்போகுதல்ல?

ஆனால் மாட்டையும் மகளையும் ஒரே மூச்சில் நினைக்கிறோமே என்று தோன்றியதும் அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். இந்தப் பன்னிரண்டு நாளும் இதே பாடுதான். அவளுக்கு வயிறு உப்பிக்கொண்டு நடக்க முடியாமல் நடந்தால் ஒரு மாடு ஞாபகம் வருகிறது, அவள் எரிந்து விழுந்தால் இன்னொரு மாடு ஞாபகம் வருகிறது, என்ன செய்ய, பார்த்த உலகம் அதுதானே. முதல் நாள் அவள் சட்டையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, தொப்புளுக்கு நாலு விரல் தள்ளி இடம் காட்டியபோது இவர் பஞ்சால் அந்த இடத்தை மூன்று தடவை துடைத்தார். எகிறி உதைக்கிற கிடாரிக்குக்கூட ஒரு தடவைக்கு மேல் துடைக்காதவர். "போட்டுட்டீங்களா?" என்றாள். "இன்னும் இல்ல." "போட்டுட்டீங்களா?" "இன்னும் இல்ல கண்ணு." மூன்றாம் தடவை கேட்பதற்குள் போட்டு முடித்துவிட்டார். "அட, இவ்வளவுதானா" என்று சொல்லி, அப்பன் தோளில் நெற்றியை வைத்து ஒரு நிமிஷம் அப்படியே நின்றாள். அந்த ஒரு நிமிஷத்துக்காகவே இன்னும் நூறு ஊசி போடலாம் என்று அவருக்கு இருந்தது. அவள் கணவனாக வந்திருக்க வேண்டியவன் ஒருத்தன் இருந்தான், நல்ல பையன்தான். இருபத்தேழு வயசில் அவனோடு பேச்சு கூடி வந்த நேரத்தில் ஜெர்மனியில் மூன்று வருஷ வேலை வந்தது. "போய்ட்டு வா கண்ணு, கல்யாணம் எங்க ஓடியா போகுது" என்று சொன்னது யார்? இந்த வாய்தான். மகள் ஜெர்மனி போகிறாள் என்று டீக்கடையில் சொல்வதற்காகவே இரண்டு தடவை டீ குடித்தவர் அவர். பையன் ஒன்றரை வருஷம் பார்த்தான், அப்புறம் வேறு இடத்தில் முடித்துக்கொண்டான். அதை வாணி ஒருநாளும் குத்திக்காட்டியதில்லை. அவர் பொண்டாட்டி ருக்மணி மட்டும் குழம்பு கொதிக்கும்போதெல்லாம் சொல்லிக் காட்டுவாள்.

நினைத்த மாத்திரத்தில் போன் அடித்தது, ருக்மணிதான். இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டேன், ஊரில் இல்லாத கூத்து, ஒரு கல்யாணத்தைப் பண்ணித் தொலைச்சா இந்த ஊசியெல்லாம் எதுக்கு என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டவள், காலையிலிருந்து இது ஐந்தாவது போன். "என்னாச்சுங்க?" "உள்ள இருக்கறா." "மயக்க ஊசி போட்டாங்களா?" "போட்டிருப்பாங்க." "ஏதாச்சும் குடிச்சுட்டுப் போனாளா?" "வெறும் வயித்துல இருக்கோணும்னு நேத்தே சொல்லீட்டாங்கல்ல." "அது அவளுக்கு. நீங்க சாப்ட்டீங்களா?" அவர் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினார். "சாப்டலையா? அவ வெறும் வயித்துல இருந்தா நீங்களும் இருக்கோணும்னு யாராச்சும் சொன்னாங்களா? சக்கரை மாத்திரை போட்ட ஆளு. கீழ போய் ரெண்டு இட்லி சாப்புடுங்க." "சரி." "சரின்னா போவோணும்." "சரி." அப்புறம் குரலை இறக்கி, "எத்தனைன்னு தெரிஞ்சதும் சொல்லுங்க. எனக்கொண்ணுமில்ல, சும்மாதான் கேக்கறேன்" என்று வைத்துவிட்டாள். எத்தனை. அதுதான். எட்டு முட்டையாவது கிடைக்கும் என்று டாக்டரம்மா முதலில் சொல்லியிருந்தார். எட்டு இருந்தால் ஒரு பிள்ளைக்கு நம்பிக்கையாக இருக்கலாம், குறையக் குறைய நம்பிக்கையும் குறையும். "ஒரே ஒரு தடவைதான்பா. இதுக்கு மேல என்னால ஆகாது. இதுல என்ன வருதோ அதுதான் எனக்கு விதிச்சது" என்று வாணி தீர்மானமாகச் சொல்லிவிட்டாள், அவள் சொன்னால் சொன்னதுதான், அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று ருக்மணியைக் கேட்க வேண்டியதில்லை. ஒரே தடவை. அந்த ஒரே தடவையில்தான் இவர் அந்தக் காரியத்தைப் பண்ணி வைத்திருக்கிறார். கீழே போய் இட்லி சாப்பிட வேண்டுமாம். தொண்டையில் இறங்குமா?

அதை நினைக்கக் கூடாது என்றுதான் இத்தனை நேரம் நைட்ரஜனையும் ஜெர்மனியையும் நினைத்துக்கொண்டிருந்தார். எங்கே சுற்றினாலும் புத்தி அங்கேதான் வந்து முட்டுகிறது. நாலாம் நாள். காங்கேயத்தில் பங்காளி வீட்டுக் காதுகுத்து. போகாவிட்டால் போகவில்லை என்று பேசுவார்கள், போனால் எப்போ கல்யாணச் சோறு போடறே என்று வாணியைப் பிடித்துக் கேட்பார்கள், இரண்டில் இது தேவலை, கேட்டுத் தொலைக்கட்டும் என்று அவளே கிளம்பினாள். சாயங்காலம் ஆறு மணி ஊசி தவறக் கூடாது. "மருந்தை நான் கட்டி எடுத்துக்கறேன், நீ சேலையைக் கட்டு" என்று மார்தட்டியது இவர். வேலை பார்த்த காலத்தில் பிளாஸ்கில் ஐஸ் கட்டியைப் போட்டு, தடுப்பூசிக் குப்பிகளை அதற்குள் சொருகி, மொபெட்டில் கட்டிக்கொண்டு நாள் முழுக்க ஊர் ஊராகச் சுற்றினவர். ஒரு குப்பி கெட்டுப்போனதாகச் சரித்திரம் கிடையாது. அந்தத் தெனாவெட்டில், மகளுடைய ஃப்ரிட்ஜில் மேல்தட்டு ஃப்ரீசரில் கிடந்த நீல நிற ஐஸ் பேக் இரண்டை எடுத்து, நடுவில் ஊசிப் பேனாவை வைத்து, அசையாமல் இருக்கட்டும் என்று ரப்பர் பேண்டும் போட்டு, சோற்று டப்பாவுக்குள் அடக்கிவிட்டார். ஐஸ் கட்டி உருகிக்கொண்டே இருக்கும், அதனால் அளவோடுதான் குளிரும். இந்த நீலச் சனியன் அப்படியில்லை, கல்லாக இறுகினது இறுகினதுதான், தொட்டதையும் தன்னைப்போல ஆக்கிவிடும். அது அப்புறம் தெரிந்தது. மண்டபத்தில் அரிசி மூட்டை அடுக்கிய அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு, வாணி பட்டுச்சேலையை விலக்கிக் காட்டிக்கொண்டு, "சீக்கிரம்பா, சீர் ஆரம்பிச்சிருவாங்க" என்று நிற்க, இவர் பேனாவை வெளியே எடுத்துப் பார்த்தால் உள்ளே மருந்து அசையவில்லை. வெள்ளையாக உறைந்து நின்றிருந்தது. திடுக்கென்று இருந்தது, ஆனால் அடுத்த விநாடியே தைரியம் வந்துவிட்டது, எங்கிருந்து வந்தது அந்தத் தைரியம்? முப்பத்தொரு வருஷ அனுபவம் கொடுத்தது. உறைவிந்துக் குழாயைக் குடுவையிலிருந்து எடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிஷம் போட்டால் உருகும், உருகினதும் உள்ளே இருப்பது உயிரோடு துள்ளும். எத்தனை ஆயிரம் கன்றுக்குட்டி அப்படிப் பிறந்து அவர் கண்ணெதிரே எழுந்து நின்றிருக்கிறது. உறைந்தது உருகினால் பிழைக்கும் என்பதில் அவருக்கு இருந்த நம்பிக்கை சாமி மேல்கூட இருந்ததில்லை. உள்ளங்கையில் வைத்துப் பொத்தி, அக்குளில் வைத்து, இரண்டு நிமிஷத்தில் தண்ணீராக்கி, தெளிவாகத்தானே இருக்கிறது என்று வெளிச்சத்தில் பார்த்து, போட்டுவிட்டார். அதே பேனாவில்தான் ஐந்தாம் நாளும் போட்டார். ஆறாம் நாளும் போட்டார்.

ஆறாம் நாள் ஊசி போட்ட கையோடு, பேனா தீர்ந்துபோனதே என்று அட்டைப்பெட்டியைக் கசக்கப் போனபோது உள்ளேயிருந்து மடித்த காகிதம் விழுந்தது. எழுத்துக்கூட்டிப் படிக்கிற இங்கிலீஷ்தான் அவருக்கு, ஆனாலும் அந்த ஒரு வரி மட்டும் கட்டம் கட்டிப் போட்டிருந்தது. உறைய விடக் கூடாது. உறைந்தால் பயன்படுத்தக் கூடாது. விதை வேறு, மருந்து வேறு. விதையை உறைய வைக்கிறவர்கள் அதற்கென்று ஒரு பக்குவம் பண்ணி உறைய வைக்கிறார்கள், மருந்துக்கு யார் பண்ணினார்கள்? மறுநாள் ஸ்கேனில் டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கி, "வளர்ச்சி கொஞ்சம் மெதுவா இருக்கே, டோஸைக் கூட்டிப் பார்ப்போம்" என்றார். வாணி ஆட்டோவில் வரும்போது ஸ்கேன் தாளையே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்கு வந்ததும், "நான் ரொம்ப லேட் பண்ணிட்டேன் போலப்பா" என்றாள். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் திறந்தது, அதிலிருந்து வந்தது என்ன தெரியுமா? "ரசம் வைக்கட்டுமா?" ரசம் வைத்தார். பூண்டு தட்டிப் போட்டு நன்றாகவே வைத்தார். அவள் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, "உங்க ரசத்துக்காகவே இன்னும் ரெண்டு நாள் ஊசி போட்டுக்கலாம்" என்று சொன்னபோது அவருக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. அப்புறம் ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று எழுந்திருப்பார், இப்போது சொன்னால் பதறுவாள், பதறினால் அதுவும் உடம்புக்கு ஆகாது, எல்லாம் முடியட்டும் என்று அவரே சமாதானம் சொல்லிக்கொள்வார். பொய். பயம்தான். அப்பனிடம் கொடுத்தால் பத்திரம் என்று நினைக்கிற ஒரே ஜீவன், அதுவும் நினைக்காமல் போய்விடுமே என்ற பயம். மடியிலிருந்த கைப்பையை அவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பத்து உள்ளே இருக்கட்டும், பதினைந்து இருக்கட்டும், நான் சொல்லவே தேவையில்லாத அளவுக்கு நிறைய இருக்கட்டும் சென்னிமலை ஆண்டவா என்று வேண்டினார். வேண்டும்போதே வெட்கமாகவும் இருந்தது, அவளுக்காகக் கேட்கிறோமா, தன் தோலைக் காப்பாற்றிக்கொள்ளக் கேட்கிறோமா என்று அவருக்கே பிடிபடவில்லை.

கதவு திறந்தது. டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "நல்லபடியா முடிஞ்சதுங்க. முழிச்சுட்டாங்க, ஒரு தொந்தரவும் இல்ல." இவர் எழுந்து நின்றார். "நாலுதான் கிடைச்சது. இன்னும் கொஞ்சம் எதிர்பார்த்தோம். வயசு ஆக ஆக இப்படித்தாங்க, ஒரு அஞ்சு வருஷம் முன்னாடி வந்திருந்தா நல்லா இருந்திருக்கும். அவங்ககிட்டயும் சொல்லிட்டேன்." அவ்வளவுதான், டாக்டரம்மா அடுத்த அறைக்குப் போய்விட்டார். நாலு. சென்னியப்பன் நின்ற இடத்திலேயே நின்றார். விசித்திரம் என்னவென்றால், முதலில் வந்தது ஒரு நிம்மதி. வயசு என்று சொல்லியாகிவிட்டது. படித்தவரே சொல்லிவிட்டார். இனி யாரும் பேனாவைப் பற்றிக் கேட்கப் போவதில்லை, காகிதத்தைக் குப்பையில் போட்டு எத்தனை நாளாயிற்று, அரிசி மூட்டைக்கு வாய் கிடையாது. அந்த மூன்று நாள் ஊசியால்தான் குறைந்ததா, வயசால்தான் குறைந்ததா, இனி எந்த டாக்டராலும் பிரித்துச் சொல்ல முடியாது. அந்த நிம்மதி கதவு வரைக்கும் கூட வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் கட்டிலில் அவள் படுத்திருந்தாள், தொப்பி நழுவி, முடி நெற்றியில் ஒட்டி, கண்ணாடி இல்லாத கண்ணோடு கூரையைப் பார்த்துக்கொண்டு. "அப்பா?" என்றாள், கண் சரியாகத் தெரியாமல். "நாந்தான் கண்ணு." கண்ணாடியை எடுத்து அவரே மாட்டிவிட்டார். காது ஓரத்தில் ஈரமாக இருந்தது.

"நாலுதானாம்ப்பா."

"சொன்னாங்க."

"அம்மா சொன்னது சரிதான். எல்லாத்தையும் நான்தான் தள்ளித் தள்ளிப் போட்டுட்டேன். என் உடம்பு முடிஞ்சு போச்சு, எனக்குத்தான் தெரியல." இப்போது அழவில்லை அவள். பஸ் போய்விட்டது என்று சொல்வது போலச் சொன்னாள். ஆண்டு விழாவுக்கு வேஷம் கட்டினவள் மாதிரி சிரித்துக்கொண்டு போனவள் இவள்தானா என்று இருந்தது. இந்த ஒரு சொல்லை இவள் வாழ்நாள் பூராவும் சுமப்பாள், ஒவ்வொரு காதுகுத்திலும், ஒவ்வொரு வளைகாப்பிலும் எடுத்துப் பார்த்துக்கொள்வாள் என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று. நிம்மதியாவது மண்ணாவது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்க்காமல், கட்டில் கம்பியைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். நீல ஐஸ் பேக்கிலிருந்து ஆரம்பித்தார். ரப்பர் பேண்டைக்கூட விடவில்லை. அரிசி மூட்டை அறையில் உறைந்திருந்ததை, அக்குளில் வைத்து உருக்கியதை, மூன்று நாள் போட்டதை, காகிதத்தை, ரசத்தை. "உறைஞ்ச மருந்துல வீரியம் இருக்காதாம். நீ லேட் பண்ணல கண்ணு. நான்தான் கெடுத்தேன்."

பக்கத்துக் கட்டிலில் யாரோ தண்ணீர் கேட்டார்கள், சிஸ்டர் வந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

"டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

"இல்ல. உன்கிட்டதான் மொதல்ல."

"அன்னைக்கே சொல்லியிருந்தா வேற பேனா வாங்கியிருப்பமல்லப்பா."

"ஆமா."

"ஏன் சொல்லல?"

"பயமா இருந்துச்சு."

அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. கோபம்தான், இருக்கட்டும், எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கட்டும், தாங்கிக்கொள்ளலாம் என்று அவர் உட்கார்ந்திருந்தார். எழுந்து போகச் சொன்னால் போய் வெளியே நிற்கலாம், கைப்பையை மட்டும் யாரிடம் கொடுப்பது என்று யோசித்தார். கொஞ்ச நேரம் கழித்து அவள் சுவரைப் பார்த்தபடியே, மெதுவாக, தனக்குத்தானே கணக்குப் போடுகிற குரலில் சொன்னாள்: "பத்து நாள்ல மூணு நாள் வெறும் தண்ணியாத்தான் போயிருக்கு. அப்படியும் நாலு வந்திருக்கு." அப்புறம் திரும்பிப் படுத்தாள். கண்ணாடி கோணியிருந்தது, மூக்கு சிவந்திருந்தது, ஆனால் பஸ் போய்விட்ட முகம் இல்லை அது. "அப்போ என் உடம்பு இன்னும் முடிஞ்சு போகலப்பா."

"முடியல கண்ணு."

"ரெண்டு மாசம் போகட்டும். இன்னொரு தடவை போட்டுக்கறேன்."

"நல்ல நர்ஸா பாத்து ஏற்பாடு பண்ணிக்க. நான் வேண்டாம்."

"நர்ஸெல்லாம் வேண்டாம்" என்றாள் வாணி. "பெட்டியை நான் கட்டறேன். ஊசி நீங்க போடுங்க."

"சரிங்க அம்மிணி" என்றார் அவர்.